காதை மட்டும் கொஞ்சம் மறைச்சிருங்க

அரசியல் மேடைகளில் 'திருத்தல்வாதி' என்று ஒரு வசவு உண்டு. ஒரு தோழர் இன்னொரு தோழரை அப்படிச் சொல்லிவிட்டால், அதன் பிறகு இருவரும் ஒரே கடையில் டீ குடிக்க மாட்டார்கள். இங்கே சொல்லவந்த திருத்தல்வாதி அந்த இனம் அல்ல. இவர் பரம சாது. எந்தத் தத்துவத்திலும் கை வைக்க மாட்டார். பெற்ற தாய் தகப்பனை மட்டும்தான் திருத்துவார். அதுவும் தினமும் அல்ல. வீட்டுக்குப் போட்டோ பிடிக்கிறவர் வருகிற அன்றைக்கு மட்டும்.

இவரை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. கூடத்தில் நாற்காலி போட்டு, அதன் மேல் கிழவரையோ கிழவியையோ உட்காரவைத்து, முக்காலியில் கேமராவைப் பூட்டிப் போட்டோக்காரர் குனிந்திருக்கும்போது, அவருடைய தோளுக்குப் பின்னால் நுனிக்காலில் நின்றுகொண்டு, ஒரு கையைத் தூக்கி ஒரு கையைத் தாழ்த்தி, தாமே படத்தில் விழப்போவது போல முகத்தையும் கோணிக்கொண்டு ஒருவர் கட்டளை போட்டபடி இருப்பாரே, அவர்தான். "அப்பா, தலையைத் தூக்குங்க. அவ்வளவு வேண்டாம். சிரிங்க. பல்லு தெரியாமச் சிரிங்க. இப்ப எதுக்கு மொறைக்கீங்க? இயல்பா இருங்கப்பா!" எழுபது வருஷமாக இயல்பாக இருந்த மனிதருக்கு அந்த ஒரு சொல்லைக் கேட்டதும்தான் கை எது, கால் எது என்று தெரியாமல் போகும்.

திருத்தல்வாதியின் கொள்கை சுருக்கமானது. படத்தில் எல்லாம் இருக்க வேண்டும்: நாற்காலி, பூச்சாடி, கைக்கடிகாரம், மேசை விரிப்பு. உட்கார்ந்திருக்கும் ஆள் மட்டும் இருக்கக் கூடாது.

தூத்துக்குடியில் இந்த இனம் புதுத் துறைமுகம் வந்த பிறகு பெருகியது. ஆபீஸ் வேலை, காரை வீடு, கூடத்தில் சோபா. சோபாவுக்கு மேலே சுவர் மொட்டையாக இருந்தால் நன்றாகவா இருக்கும்? அங்கே ஒரு பரம்பரை தொங்க வேண்டாமா? கடற்கரைத் தெருவில் வளன் என்று ஒருவர். கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. அவருடைய அப்பா மரியான், முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் முத்துக்கும் மற்றக் காலத்தில் சங்குக்கும் கடலில் முங்கி எழுந்தவர். அவருக்கு இரவல் கோட்டு மாட்டி, கழுத்தில் டை கட்டி உட்காரவைத்தார்கள். போட்டோக்காரர் ஹென்றி வழக்கம்போல, "பெரியவரே, ஒரு நொடி மூச்சைப் பிடிச்சிக்கிடுங்க" என்றார். பிடித்தார். பிளாஷ் பல்பு எரியவில்லை. ஹென்றி பெட்டியைக் குடைந்து வேறு பல்பு தேடினார். வளன் அவரைக் கடிந்துகொண்டார். ஹென்றி பதில் சொன்னார். பேச்சு வளர்ந்தது. காபி வந்தது. குடித்தார்கள். அப்போதுதான் யாரோ நாற்காலியைப் பார்த்தார்கள். மரியான் கண்ணை அகல விழித்துக்கொண்டு, கன்னம் இறுகி, அசையாமல் இருந்தார். "ஐயோ அப்பா!" என்று வளன் அலறியதில் தெருவே கூடிவிட்டது. மரியானின் மனைவி ஆக்னஸ் மட்டும் அடுப்படியில் இருந்தபடியே சொன்னாள்: "ஏம்லே கூப்பாடு போடுதே? அவரு மேல வர இன்னும் நேரம் கிடக்கு."

ஆறுமுகநேரியில் உப்பளத்து மேஸ்திரி பால்துரை இன்னும் நுட்பமானவர். அவர் அப்பாவின் பாதம் உப்பில் வெந்து வெடித்த பாதம். அதற்குக் காலுறை மாட்டிவிட்டுத்தான் படம் எடுக்கவிட்டார். எடுத்தது மார்பளவுப் படம்.

சிரிக்கிறோம். சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஊரை அடித்து உலையில் போட்ட ஜமீன்தாரின் பேரன், தாத்தாவின் படத்தைத் திருத்துகிறானா? அந்த மீசையை ஒரு மயிர்கூடக் குறைக்காமல் தங்கச் சட்டத்தில் மாட்டுகிறான். வெட்கம் எல்லாம் உழைத்தவன் வீட்டுப் பிள்ளைக்குத்தான். வெடித்த காலும் காய்த்த கையும்தான் மறைக்க வேண்டிய குற்றங்கள். இந்த நியாயத்தை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. ஆனால் எல்லாரும் முதல் வகுப்பில் தேறியிருக்கிறார்கள்.

போகட்டும். இந்த இனத்தின் சிகரம் தேவபிரசாதம்.

தேவபிரசாதம் துறைமுக ஆபீசில் சூப்பிரண்டெண்டு. பி.ஏ. படித்தவர். தமது சபையின் நூற்றாண்டு விழாவுக்கு மலர் போடுகிற குழுவுக்குச் செயலாளர். சபையில் எழுபத்தைந்து வயது தாண்டிய எல்லாருடைய படத்தையும் மலரில் போடுவது என்று முடிவானபோது, அந்த யோசனை தம்முடையது என்பதைக் கூட்டத்தில் பல தடவை நினைவூட்டினார். காரணம் இருந்தது. சபையிலேயே மூத்தவள் அவருடைய அம்மா ஞானபாய். முதல் பக்கம் முழுப் பக்கம் அவளுக்குத்தான். முதல் பக்கம்! பேராயரின் வாழ்த்துரைகூட அதற்கு அடுத்த பக்கம்.

சந்தோஷத்தில் ஓர் இரவு தூங்கினார். மறுநாள் காலையில் அம்மா முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். அவளுடைய காதைப் பார்த்தார். சந்தோஷம் போய்விட்டது.

ஞானபாய் சாத்தான்குளத்துப் பக்கம் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றியவள். அந்தக் காலத்துப் பெண்களைப் போலச் சிறு வயதிலேயே காதை வளர்த்து, பாம்படம் என்ற கனத்த தங்க நகையைத் தொங்கவிட்டிருந்தவள். காது தோளைத் தொடும். இப்போது நகை இல்லை. இரண்டு வெறும் வளையங்களாகக் காதுதான் ஆடிக்கொண்டிருந்தது. நகை எங்கே போயிற்று என்று கேட்கிறீர்களா? மேலே 'பி.ஏ. படித்தவர்' என்று ஒரு வரி வந்ததே, அங்கே போயிற்று.

இடது காதில் கீழே ஒரு கிழிசல் வேறு. அது எப்படி வந்தது என்று தேவபிரசாதத்துக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

"அண்ணாச்சி, நம்ம கிட்ட எல்லா வசதியும் இருக்கு" என்றார் ஹென்றி. கடற்கரை ரோட்டுப் பக்கம் அவருடைய ஸ்டூடியோ. வயதானவர்களை வீட்டுக்கே போய் எடுப்பதில் அவர் கெட்டிக்காரர். போகும்போது கேமராவோடு ஒரு தகரப் பெட்டியும் போகும். பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே கௌரவம் இருந்தது. தங்க நிற மூக்குக்கண்ணாடி ஒன்று. அதில் வில்லை கிடையாது. வில்லை இருந்தால் பல்பு வெளிச்சம் தெறித்துக் கண்ணை மறைத்துவிடும். பிளாஸ்டிக் ரோஜா. ஓடாத கைக்கடிகாரம். ஓரத்தில் லேஸ் வைத்த வெள்ளை மேசை விரிப்பு. கடைசியாக, கையில் கொடுக்க ஒரு தடித்த புத்தகம்: கறுப்பு அட்டை, ஏதோ அயல்மொழியில் தங்க எழுத்து, நடுவில் ஒரு நங்கூரம்.

"ஆகா, நங்கூரம்! நம்பிக்கையின் அடையாளம்" என்று உருகினார் தேவபிரசாதம். "எங்க பிடிச்சீங்க?"

"பழைய கப்பல் உடைச்ச சாமான் விக்கிற இடத்துல."

"உள்ளே என்ன எழுதியிருக்கு?"

"நம்ம தொழில் வெளியே எடுக்குறதுதானே அண்ணாச்சி. உள்ளே எதுக்குப் பாக்கணும்?"

தேவபிரசாதமும் பார்க்கவில்லை. தடித்த கறுப்புப் புத்தகம் என்றால் வேதாகமம்தான். அதற்கு மேல் ஆராய்ச்சி செய்வது விசுவாசக் குறைவு. "இதையே சபையில எல்லாருக்கும் கையில குடுத்து எடுத்திருங்க" என்று உத்தரவு போட்டார். பிறகு கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அம்மாவுக்கு மட்டும்... காதை மட்டும் கொஞ்சம் மறைச்சிருங்க."

"முக்காடு போட்டுருவோம். மீறி எட்டிப் பாத்தா நெகட்டிவ்ல பென்சில் போட்டு அழிச்சிரலாம். நெறய வீட்டுல இதத்தான் கேக்காங்க."

படம் எடுக்கும் நாள் வந்தது. ஞானபாய் நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டாள். தேவபிரசாதத்தின் மனைவி கிரேசி முக்காட்டை இழுத்துக் கன்னத்தோடு சேர்த்துப் பின் குத்தினாள். ஹென்றி மூக்குக்கண்ணாடியை மாட்டினார்.

"ஏலே பிரசாதம், எனக்கு எதுக்குலே கண்ணாடி? எனக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியுதே. உங்க ஆபீசரு வீட்டுக்காரி வாரதும் தெரியுது. அவ வந்தா நீ என்னைக் கொல்லைக்கு அனுப்புததும் தெரியுது."

"அம்மா, பேசாம இருங்க. இயல்பா இருங்க."

கண்ணில் ஏதோ தூசி. ஞானபாய் கண்ணாடிக்குள்ளேயே விரலை விட்டுக் கண்ணைக் கசக்கினாள். கிரேசி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"புத்தகத்தைப் பிடிங்க. பக்கத்தைப் பாருங்க. தியானம் பண்ணுத மாதிரி" என்றார் தேவபிரசாதம்.

ஞானபாய் பக்கத்தைப் பார்த்தாள். அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். இன்னும் ஒன்றைப் புரட்டினாள். முகத்தில் நிஜமாகவே ஓர் ஆழ்ந்த சிந்தனை வந்தது. ஹென்றி பொத்தானை அமுக்கப்போன கணத்தில் இடது காது முக்காட்டிலிருந்து நழுவி வெளியே வந்து ஆடியது.

"காது!" என்று கத்தினார் தேவபிரசாதம்.

கிரேசி திரும்ப ஓடிவந்து அதை முக்காட்டுக்குள் தள்ளிப் பின் குத்தினாள். இந்தத் தடவை வலது காது வந்தது. அதைத் தள்ளினால் இது. இதைத் தள்ளினால் அது. அம்மா வேண்டுமென்றே செய்கிறாளோ என்று தேவபிரசாதத்துக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் எதற்கு? வேண்டுமென்றேதான் செய்தாள். அவ்வளவு பெரிய காதை வைத்துக்கொண்டு எதை எப்போது ஆட்ட வேண்டும் என்று தெரியாமலா இருக்கும்?

"பிரசாதம், என் காதோட எடுக்கச் சொல்லு" என்றாள் ஞானபாய். குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "எனக்குன்னு இதுவரைக்கும் ஒரு படம் கிடையாது. இனிமே எடுக்கப்போறதும் இல்ல. அதுல நான் இருக்கணும்லா? இந்தக் காது கிழிஞ்சது எப்படின்னு தெரியுமாலே ஒனக்கு? நீ தவழ்ந்துக்கிட்டுத் திரியும்போது பாம்படத்தைப் பிடிச்சித் தொங்கினே. ஒன்னைப் பிரிச்சி எடுக்க ரெண்டு பேரு வேண்டியிருந்துச்சு. பெத்த அடையாளம் வேற எங்கிட்ட என்ன இருக்கு?"

இந்த இடத்தில் எந்த மகனுக்கும் கொஞ்சம் நெஞ்சு இளகும். தேவபிரசாதத்துக்கும் இளகியது. ஆனால் திருத்தல்வாதியின் நெஞ்சு இளகினால் அதிலிருந்து ஒழுகுவது பொய்தான்.

"சரிம்மா. முதல்ல ஒண்ணு இப்படி. பிறகு ஒண்ணு காதோட. மலர்ல காதோட இருக்கதுதான் வரும்" என்றார். சொல்லிக்கொண்டே ஹென்றியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

ஞானபாய் நம்பினாள். அசையாமல் இருந்தாள். முக்காட்டுப் படம் முடிந்தது. "இப்ப என் படம்" என்று பின்னைப் பிடுங்கி எறிந்தாள், கண்ணாடியைக் கழற்றினாள், புத்தகத்தைத் தரையில் வைத்தாள். ரோஜா ஜாடியை எடுத்துவைக்க உள்ளே போயிருந்த தேவபிரசாதம் வெளியே ஓடிவருவதற்குள் பல்பு ஒரு தடவை மின்னிவிட்டது.

"எடுத்தீரா?" என்று ஹென்றியின் காதில் சீறினார்.

"சும்மா பல்பை மட்டும் காட்டணும்னுதான் நெனச்சேன் அண்ணாச்சி. கை தானா அமுக்கிட்டு."

"அந்த ஒண்ணைக் கழுவாதீங்க."

"ரோலை முழுசாத்தானே கழுவணும்? இட்லிச் சட்டியில ஒரு குழியை மட்டும் வேகாம வைக்க முடியுமா?"

"கழுவிக்கிடுங்க. பிரிண்டு போடாதீங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஞானபாய் தன் சிநேகிதி ஜீவமணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இருவரும் ஒரே ஊரில் பிறந்து, ஒரே நாளில் காது குத்தி, ஒரே மாதிரிக் காது வளர்த்தவர்கள். ஜீவமணியின் காதில் கிழிசல் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஜீவமணிக்கும் ஒரு மகன் இருந்தான். அவள் வீட்டுக்கும் தகரப் பெட்டி போய் வந்திருந்தது.

"ஏளா, ஒனக்கும் காதை மறைச்சிட்டானுவளா?"

"மறைச்சிட்டானுவ. பல்லும் வரையப்போறானாம்."

"எனக்கு மறைக்கல. மலர்ல என் காது வருது. எம் மகன் வாக்குக் குடுத்திருக்கான்" என்றாள் ஞானபாய், பிரசங்க நேரம் என்றும் பாராமல். முன்வரிசை முழுவதும் கேட்டது. அன்று முதல் சபையின் கிழடுகள் எல்லாம் மலருக்காகக் காத்திருந்தார்கள். ஒரு காதாவது தப்பிவிட்டதே என்று அவர்களுக்கு ஆறுதல்.

தேவபிரசாதம் சிவகாசியிலிருந்து வந்த புரூஃபை வரிவரியாகப் பார்த்தார். ஓர் ஒற்று மிகுந்த இடத்தைக் கண்டுபிடித்தார். செயலாளர் பெயர் இன்னும் தடித்த எழுத்தில் வர வேண்டும் என்று குறிப்பு எழுதினார். முதல் பக்கத்துப் படத்தை வெகுநேரம் ரசித்தார். ஹென்றியின் பென்சில் அபாரமாக வேலை செய்திருந்தது. காது இருந்த சுவடே இல்லை. சுருக்கம் போய்விட்டது. ஓரிரண்டு பல்கூட முளைத்திருந்தது. அதன் அடியில், 'வேதத்தைத் தியானிக்கும் மூத்த தாயார் ஞானபாய் அம்மாள்' என்று தம் கையாலேயே எழுதி அனுப்பினார். அம்மா என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

விழா நாள். கோயில் நிரம்பி வழிந்தது. சிறப்பு விருந்தினர் சங்கரபாண்டியன். துறைமுகத்தில் பெரிய எஞ்சினியர், ஒரு காலத்தில் கப்பல்களில் எஞ்சின் ஓட்டியவர், தேவபிரசாதத்துக்கு மேலதிகாரிக்கும் மேலதிகாரி. அவர் கையால் மலர் வெளியிடப்பட்டது. எல்லார் கைக்கும் ஒவ்வொரு பிரதி போயிற்று.

முதலில் பக்கம் புரட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் எங்கோ ஒரு களுக். அப்புறம் இன்னொன்று. மலரின் முன்பாதி முழுவதும் மூத்தோர் படங்கள். எல்லா மூக்கிலும் ஒரே கண்ணாடி. எல்லா மேசையிலும் ஒரே ரோஜா. எல்லாக் கையிலும் ஒரே புத்தகம், எல்லா அட்டையிலும் ஒரே நங்கூரம். ஓடாத கடிகாரம் எல்லா மணிக்கட்டிலும் ஒரே நேரத்தைக் காட்டியது. பொய்ப்பல்கள்கூட ஒரே வரிசை. ஒரே கிழவரைச் சேலை கட்டியும் வேட்டி கட்டியும் மாற்றி மாற்றி எடுத்தது போல இருந்தது. சிரிப்பு ஆண்கள் பக்கம் புறப்பட்டுப் பெண்கள் பக்கம் சேர்ந்து, பாடகர் குழுவில் போய் மோதி வெடித்தது. முன்வரிசைக் கிழடுகள்தாம் அதிகம் சிரித்தார்கள். "ஒமக்கும் அந்தக் கண்ணாடியா? எனக்கு மூக்குல நிக்கவே இல்லவே!"

சங்கரபாண்டியன் மட்டும் சிரிக்கவில்லை. முதல் பக்கத்தைக் கண்ணருகே கொண்டுபோய் அட்டை எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தார். எழுந்தார். ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இந்தப் புத்தகம் எனக்குத் தெரியும். எத்தனையோ ராத்திரி இதோடு கிடந்திருக்கிறேன். கப்பல் டீசல் எஞ்சினுக்கான உதிரிபாக விளக்கம். அடியில் 'வேதத்தைத் தியானிக்கும்' என்று போட்டிருக்கிறது. தவறில்லை. நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோனால் நாங்களும் இதைத்தான் தியானிப்போம்."

கூரை அதிர்ந்தது. குருவானவர் அங்கியின் கைப்பகுதியால் வாயை மூடிக்கொண்டார். தேவபிரசாதத்துக்குக் காது சிவந்தது. சின்னக் காதுதான், இருந்தாலும் சிவந்தது.

"எனக்கு அப்பமே தெரியும்" என்றாள் முன்வரிசையில் ஞானபாய், கணீரென்று. "பக்கத்துக்குப் பக்கம் பல்சக்கரமாத்தான் இருந்துச்சு. சரி, பிரசாதம், என் படம் எங்கலே?"

மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்தார். "முதல் பக்கம் அம்மா. இந்தா பாருங்க."

ஞானபாய் பார்த்தாள். மலரைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். கிட்டத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது நான் இல்லலே."

"காதைப் பத்தி வீட்டுல போய்ப் பேசிக்கிடலாம்மா..."

"காது கிடக்கட்டும். ஆளே நான் இல்ல. இது ஜீவமணிலே!"

"இல்லம்மா, நீங்கதான். நான் புரூஃப் பார்த்தேன்."

"எனக்கு என்னைத் தெரியாதா?"

"கோபத்துல சொல்லுதீங்க. நல்லாப் பாருங்க, உங்க மூக்கு..."

"அது எம் மூக்கு" என்றாள் ஜீவமணி, பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து. மலரைப் பிடுங்கிப் பின்பக்கங்களைப் புரட்டினாள். பொடி எழுத்தில் 'ஜீவமணி அம்மாள்' என்று போட்டிருந்த இடத்தில் ஞானபாய் கண்ணாடியோடும் நங்கூரத்தோடும் உட்கார்ந்திருந்தாள். "இந்தா இருக்கே பாரு, எம் பேருல!"

சிவகாசியில் படம் மாறிவிட்டது. அச்சகத்தைக் குறை சொல்ல முடியாது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யார் பார்த்தாலும் மாறும். ஆனால் ஒற்று மிகுந்ததைக் கண்டுபிடித்த மகன், தம் தாய் இடம் மாறியதைக் கண்டுபிடிக்கவில்லை. ஊரார் வீட்டுத் தாயை முழுப் பக்கத்தில் பார்த்து, அம்மா என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று ரசித்திருக்கிறார்! முன்வரிசையில் திடீரென்று சத்தம் அடங்கியது.

ஞானபாய் கோபப்படவில்லை. அதுதான் தேவபிரசாதத்தை உறுத்தியது. மலரை மடித்து அவர் கையிலேயே கொடுத்தாள். "வாளா" என்று ஜீவமணியின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலைவிட்டு நடந்தாள். நான்கு காதுகளும் ஆட ஆட, இரண்டு பேரும் நேரே ஹென்றியின் ஸ்டூடியோவில் போய் நின்றார்கள்.

"ஏய்யா, என்னை எங்கய்யா வச்சிருக்கே?"

ஹென்றி உள்ளே போய் ஒரு பெரிய படத்தைக் கொண்டுவந்தார். பிரிண்டு போடாதே என்றுதான் உத்தரவு. ஆனால் இருட்டறையில் அந்த முகம் தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்தபோது அவருக்குக் கை கேட்கவில்லை, பெரிதாகவே போட்டுவிட்டார். முக்காடு இல்லை. கண்ணாடி இல்லை. மகனை ஏய்த்துவிட்ட மகிழ்ச்சியில் பொக்கை வாய் கோணிச் சிரிக்கிற ஞானபாய். இரண்டு பக்கமும் அந்தக் காதுகள். இடது காதில் கிழிசல்.

"இது நீதாம்ளா" என்றாள் ஜீவமணி.

ஞானபாய் வெகுநேரம் பார்த்தாள். "மலர்ல வராட்டிப் போகுது. தெருவுல வைய்யா" என்றாள் ஹென்றியிடம். "எம் பேரையும் எழுதி வை. நாளைக்கு நான் செத்தா எம் மகன் இவளைத் தூக்கிப் பெட்டியில வச்சிரக் கூடாது பாரு."

ஸ்டூடியோவின் கண்ணாடிப் பெட்டியில், நடிகைகள் மாதிரிச் சாய்ந்து நிற்கிற கல்லூரிப் பெண்களின் படங்களுக்கு நடுவில், ஞானபாய் ஏறினாள். கோயிலில் சிரித்தவர்கள் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வளனின் அப்பா மரியான் வந்து மூச்சைப் பிடிக்காமலே பார்த்தார். தேவபிரசாதம் மட்டும் அந்தத் தெரு வழியாகப் போவதை நிறுத்தி, ஆபீசுக்குச் சுற்றுப்பாதையில் போனார்.

கதை இங்கே முடிந்திருந்தால் அவர் திருந்திவிட்டார் என்று சொல்லி உங்களை மகிழ்வித்திருக்கலாம். திருத்தல்வாதி திருந்துவதாவது!

ஒரு நாள் சங்கரபாண்டியன் அந்தத் தெருவில் காரை நிறுத்தி இறங்கி, கண்ணாடிப் பெட்டியின் முன் நின்று, பெயரைப் படித்துவிட்டு ஆபீசுக்கு வந்தார். தேவபிரசாதத்தை அறைக்குக் கூப்பிட்டு, "என்ன முகம் ஐயா அது! உங்கள் தாயாரா? அந்தக் காது என்ன கம்பீரம்! ஒரு நாள் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும்" என்றார்.

பெரிய எஞ்சினியர் வாயால் கம்பீரம்! தேவபிரசாதம் அன்று சாயங்காலம் சுற்றுப்பாதையில் போகவில்லை. வீட்டுக்கு ஓடினார். கொல்லையில் இருந்த அம்மாவைக் கூடத்துச் சோபாவில் கொண்டுவந்து உட்காரவைத்தார். மறுநாளிலிருந்து யார் வந்தாலும், பால்காரர் உட்பட, "அம்மா, காதைக் காட்டுங்க. அப்படி இல்ல, கொஞ்சம் திரும்புங்க. முடியை ஒதுக்குங்க. இயல்பா இருங்க!" என்று நுனிக்காலில் நின்று கட்டளை போட்டார். ஞானபாய் முக்காட்டை நன்றாக இழுத்து இரண்டு காதையும் மூடிக்கொண்டு, "போலே, சோலியைப் பாரு" என்றாள்.

சங்கரபாண்டியன் வீட்டுக்கு வருகிற தேதி குறித்தாயிற்று. முந்தின நாள் தேவபிரசாதம் ஹென்றியிடம் போனார். அந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்றார். பிறகு கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"காதை இன்னும் கொஞ்சம் நீளமா வரைய முடியுமா?"

ஹென்றி பென்சிலைக் கையில் எடுத்தார். "எதுவரைக்கும் அண்ணாச்சி? தோள் போதுமா, இடுப்பு வரைக்கும் இழுத்துரவா?"

உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. நல்லது, சிரித்து முடித்துவிட்டு உங்கள் வீட்டுக் கூடத்துக்குப் போங்கள். அங்கே சுவரில் உங்கள் அப்பாவோ அம்மாவோ மாட்டியிருக்கிறார்கள் அல்லவா? நல்ல படம், எடுக்கும்போது பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் நீங்கள்தானே பார்த்துக்கொண்டீர்கள்? அந்தக் கோட்டு யாருடையது? அந்தக் கண்ணாடியில் வில்லை இருக்கிறதா? நாற்காலி மேல் ஏறி, கையிலிருக்கும் புத்தகத்தின் அட்டையைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள்.

நங்கூரம் தெரிந்தால், மெதுவாக இறங்குங்கள். பிறகு அந்த முகத்தையும் ஒரு தடவை பாருங்கள். ஜீவமணியாக இருந்துவிடப் போகிறது.